ஒரே சாலை, 24 மணி நேரம்: பெருந்திரள் வெளியேற்றத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துத் தென்முனையிலிருந்து கடலுக்குள் வளைந்து செல்லும் தீவுச் சங்கிலிக்கு ஃப்ளோரிடா கீஸ் என்று பெயர். கடைசியில் இருக்கும் கீ வெஸ்ட்டிலிருந்து நிலப்பகுதிக்கு வர யுஎஸ்-1 என்ற ஒரே நெடுஞ்சாலைதான். ஏறக்குறைய 180 கிலோமீட்டர், 42 பாலங்கள். பெரும்பகுதியில் போக ஒரு தடம், வர ஒரு தடம். வடகோடியில் கார்டு சவுண்ட் ரோடு என்ற சிறு சாலை ஒன்று பிரிகிறது. ஆனால் அதுவும் ஃப்ளோரிடா சிட்டி அருகே திரும்ப யுஎஸ்-1-இல்தான் வந்து சேர்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகள் அடங்கிய மன்ரோ கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 82,874 பேர். சுற்றுலாப் பயணிகள் இதில் சேரவில்லை.

புயல் வந்தால் இங்கு நிரந்தரமாகக் குடியிருப்போர் 24 மணி நேரத்துக்குள் வெளியேறிவிட முடிய வேண்டும் என்று மாநிலச் சட்டமே எல்லை வகுத்திருந்தது. 2025-இல் அது 24.5 மணி நேரமாகத் தளர்த்தப்பட்டது. ஆண்டுக்கு இத்தனை வீடுகள்தான் புதிதாகக் கட்டலாம் என்று 1992-இல் வந்த கட்டுப்பாட்டுக்கு முக்கியக் காரணம் இந்த வெளியேற்றக் கணக்கு. 2012-இல் மாநில அரசு கணினி மாதிரியை ஓட்டிப் பார்த்து, அடுத்த 10 ஆண்டுகளுக்கு மொத்தம் 3,550 புதிய அனுமதிகள் என்று வரையறுத்தது. ஒரு தடத்தில் மணிக்கு எத்தனை கார் போகும் என்ற எண், ஒருவர் தன் சொந்த மனையில் வீடு கட்டலாமா கூடாதா என்பதையே முடிவு செய்கிறது. சாலைவழி வெளியேற்றக் கணக்கை முதன்முதலாகக் கற்க இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது.

கணக்கு விடை சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று. எத்தனை வாகனங்கள் கிளம்பும்? எந்தெந்த மணியில் கிளம்பும்? அவை போகும் வழியில் மிகக் குறுகிய இடம் எது, அது மணிக்கு எத்தனை வாகனங்களை விடும்? எவ்வளவு பெரிய மென்பொருளும் இந்த மூன்றைத்தான் வேறு வேறு நுணுக்கத்தில் கேட்கிறது.

ஆட்களை அல்ல, வண்டிகளை எண்ண வேண்டும்

புதிதாகக் கற்பவர்கள் மக்கள்தொகையை எடுத்து, காருக்கு இத்தனை பேர் என்று வகுக்கத் தொடங்குவார்கள். அது சரியாக வராது. வெளியேற்றத்தில் முடிவெடுப்பது தனி ஆள் அல்ல, குடும்பம். ஆபத்து என்றதும் குடும்பம் ஒன்றுகூடி, ஒன்றாகவே கிளம்பும். வீட்டில் மூன்று கார் இருந்தாலும் மூன்றும் சாலைக்கு வருவதில்லை. அதே சமயம் ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்களும் குறைவு, ஏனென்றால் காரும் ஒரு சொத்து, வெள்ளத்தில் விட்டுவிட மனம் வராது. படகை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அப்படி ஒரு வண்டி சாலையில் இரண்டு மூன்று கார்களின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கணக்கு புரிவதற்காக வட்டமான எண்களை வைத்துக்கொள்வோம். இவை கீஸின் உண்மை எண்கள் அல்ல, அந்த அளவை ஒட்டிய கற்பனை எண்கள். 30,000 குடும்பங்கள். அவற்றில் 80 சதவீதம் கிளம்புகின்றன. குடும்பத்துக்குச் சராசரி 1.25 வண்டி. ஆக, 30,000 × 0.8 × 1.25 = 30,000 வண்டிகள்.

இதில் அந்த 80 சதவீதம்தான் மிகவும் ஆட்டம் காணும் எண். கட்டாய ஆணையா, வெறும் அறிவுரையா. வீடு கான்கிரீட்டா, சக்கர வீடா. போன முறை கிளம்பிப்போய்ப் புயல் வராமல் ஏமாந்தார்களா என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். போகச் சொல்லப்பட்டவர்களில் சிலர் போக மாட்டார்கள். போகச் சொல்லப்படாதவர்களில் பலர் போவார்கள். இரண்டாவது வகைக்கு நிழல் வெளியேற்றம் என்று பெயர், முன்னனுபவம் இல்லாத திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். 1979-இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, 5 மைல் சுற்றளவில் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் அறிவுறுத்தினார். அந்த வரையறைக்குள் வந்தவர்கள் சில ஆயிரம் பேர். கிளம்பியவர்கள் ஏறத்தாழ 1,44,000 பேர். இதற்குப் பிறகுதான் அமெரிக்க அணு நிலையங்களைச் சுற்றி வெளியேற்ற நேரத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது வழக்கமானது. இன்று அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டி, 10 மைல் திட்ட வட்டத்துக்கு வெளியே 15 மைல் வரை வசிப்பவர்களில் 20 சதவீதம் பேர் தாமாகவே சாலைக்கு வருவார்கள் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது.

2005 செப்டம்பரில் ரீட்டா புயலின்போது டெக்சஸில் நடந்தது இதைவிடப் பெரிது. நியூ ஆர்லியன்ஸைக் கத்ரீனா மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் காட்சிகள் ஹியூஸ்டன் மக்களின் கண்ணிலிருந்து மறையவில்லை. கடலோர மண்டலங்களைத் தாண்டி உள்நகரமும் சேர்ந்து கிளம்பியதில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இருந்தார்கள். கடும் வெயில், பெட்ரோல் தீர்ந்த கார்கள், அசையாத நெடுஞ்சாலை. டாலஸ் அருகே, முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பற்றி 23 பேர் இறந்தனர். புயலின் காற்றாலும் நீராலும் இறந்தவர்களைவிட வெளியேற்றத்தின் போது இறந்தவர்களே பல மடங்கு அதிகம். ஆகவே தவறான வெளியேற்றத் திட்டத்தை வெறும் சிரமமாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. உயிர்ச்சேதப் பட்டியலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு தடம் மணிக்கு எத்தனை?

போக்குவரத்துப் பொறியியலின் அடிப்படைச் சமன்பாடு ஒன்றுதான்: ஓட்டம் = அடர்த்தி × வேகம். ஒரு கிலோமீட்டரில் 20 வண்டிகள் இருந்து, அவை 60 கிமீ வேகத்தில் போனால், ஓரிடத்தில் நின்று எண்ணுபவர் மணிக்கு 1,200 வண்டிகளைக் காண்பார். இப்போது நெரிசல். கிலோமீட்டருக்கு 58 வண்டிகள், வேகம் 20 கிமீக்குச் சற்று மேல். பெருக்கிப் பாருங்கள், அதே 1,200. ஓட்டம் ஒன்றேதான், ஆனால் சாலையின் நிலை இரண்டு. அதனால் எண்ணும் கருவி காட்டும் எண்ணிக்கையை மட்டும் வைத்து, சாலை நன்றாக ஓடுகிறதா திணறுகிறதா என்று சொல்ல முடியாது. வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடர்த்தி கூடக்கூட ஓட்டம் ஓர் உச்சம் வரை ஏறி, பிறகு இறங்கும். அந்த உச்சம்தான் கொள்திறன். அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்திறன் கையேடு இருவழிச் சாலைக்கு ஒரு திசையில் மணிக்கு 1,700 கார்கள் என்றும், உயர்தர விரைவுச்சாலைக்குத் தடத்துக்கு 2,400 வரை என்றும் கொடுக்கிறது. ஆனால் இவை நல்ல வானிலையில், பழகிய ஓட்டுநர்களோடு, குறுகிய நேரத்துக்குக் கிடைக்கும் உச்சங்கள். வெளியேற்றமோ ஒரு நாள் முழுக்க, மழைக்காற்றில், இழுவண்டிகளோடும் தூங்காத ஓட்டுநர்களோடும் நடப்பது. கீஸுக்கான திட்டத்தில் மாநிலப் போக்குவரத்துத் துறை யுஎஸ்-1-இன் பகுதிக்கேற்ப ஒரு தடத்துக்கு 900 முதல் 1,200 வரை மட்டுமே எடுத்துக்கொண்டது அதனால்தான்.

இந்த ஒரு தேர்வின் எடையைப் பாருங்கள். 30,000 வண்டிகளை 1,700-ஆல் வகுத்தால் 17.6 மணி நேரம். சட்டத்தின் எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. 1,200-ஆல் வகுத்தால் 25 மணி, எல்லை தாண்டிவிட்டது. வண்டிகளும் சாலையும் மாறவில்லை, கையேட்டில் எந்த வரியைப் படித்தோம் என்பதுதான் மாறியது. யாராவது வெளியேற்ற அறிக்கை ஒன்றை நீட்டினால் முதலில் இந்த எண்ணைத் தேடிப் படிப்பது நல்லது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறுகலுக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டால், அந்தக் குறுகல் தன் முழுக் கொள்திறனையும் தருவதில்லை. நின்று நின்று கிளம்பும் வண்டிகள் இடையில் இடைவெளி விடுவதால் 5 முதல் 15 சதவீதம் வரை குறையும் என்று பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். 10 சதவீதம் குறைந்தால் 1,200 என்பது 1,080 ஆகும். 25 மணி என்பது 27.8 ஆகும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை

ஆணை வந்த நொடியில் யாரும் சாவியைத் திருப்புவதில்லை. செய்தி காதில் விழ வேண்டும். அது உண்மையா என்று பக்கத்து வீட்டில், உறவினரிடம் கேட்பார்கள். வேலையில் இருப்பவர் வீடு திரும்ப வேண்டும், பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும், ஜன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், பெட்ரோல் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆளுக்கு ஆள் நேரம் வேறு. எல்லாவற்றையும் கூட்டி, இத்தனையாவது மணிக்குள் இத்தனை சதவீதம் கிளம்பினார்கள் என்று வரைந்தால் எஸ் எழுத்து போன்ற வளைவு கிடைக்கும்: தொடக்கத்தில் மந்தம், நடுவில் செங்குத்து, கடைசியில் நீண்ட வால். இதைப் புறப்பாட்டு வளைவு என்போம். தொலைபேசி வழி எடுக்கும் கேள்வித்தாளும் முந்தைய புயல்களில் சாலைக் கருவிகள் பதிந்த எண்ணிக்கைகளும்தான் இதற்கான ஆதாரம்.

இரவில் இந்த வளைவு படுத்துவிடும். நள்ளிரவில் ஆணை கொடுத்தால் பெரும்பாலோர் விடியலில்தான் கிளம்புவார்கள். ஆக, நள்ளிரவு ஆணை காகிதத்தில் ஆறு மணி நேரம் முந்திக் கொடுத்ததாகத் தெரிந்தாலும் சாலையில் அந்த ஆறு மணியும் ஏறக்குறைய வீண்.

எக்செல் தாளில் ஒரு மாதிரி

இப்போது கணக்கைப் போடலாம். ஒவ்வொரு வரியும் ஒரு காலத் துண்டு. நான்கு பத்திகள்: நேரம், குறுகலுக்கு வந்து சேர்ந்தவை, கடந்து போனவை, வரிசையில் நிற்பவை. விதி ஒன்றே ஒன்று: புதிய வரிசை = பழைய வரிசை + வந்தவை − கொள்திறன்; விடை சுழிக்குக் கீழே போனால் 0 என்று வைத்துக்கொள்ள வேண்டும். கையால் போட்டுப் பார்க்க வசதியாக மூன்று மணி நேரத் துண்டுகளாக எடுப்போம். ஒரு துண்டில் கடக்கக்கூடியவை 1,200 × 3 = 3,600.

0–3 மணி: 3,000 வந்தன, எல்லாம் கடந்தன, வரிசை 0.
3–6 மணி: 9,000 வந்தன, வரிசை 5,400.
6–9 மணி: 10,000 வந்தன, வரிசை 11,800.
9–12 மணி: 6,000 வந்தன, வரிசை 14,200.
12–15 மணி: 2,000 வந்தன, வரிசை 12,600.

அதன்பின் யாரும் வரவில்லை. மிச்சம் 12,600-ஐ 1,200-ஆல் வகுத்தால் 10.5 மணி. மொத்தம் 25.5 மணி நேரம். முன்பு வெறும் வகுத்தலில் வந்தது 25. அந்த அரை மணி எங்கே போனது? முதல் மூன்று மணியில் 3,600 போகக்கூடிய இடத்தில் 3,000 தான் போயின. அந்த 600 இடங்கள் வீணானது வீணானதுதான். குறுகலில் காலியாகப் போகும் ஒவ்வொரு நொடியும் கடைசி வண்டி வெளியேறும் நேரத்தில் அப்படியே சேரும். வரிசை நிற்கும்போது குறுகலில் ஒரு லாரி பழுதாகி 40 நிமிடம் வழியை முழுதாக மறித்தால், 40 நிமிடம் கடைசியில் கூடும். அதே லாரி குறுகலுக்கு வெகு முன்னால் பழுதாகி, அதற்கு அப்பால் ஏற்கெனவே போதிய வரிசை நின்றுகொண்டிருந்தால், மொத்த நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கூடாமல் போகலாம். இழுவை வண்டியை எங்கே முன்கூட்டி நிறுத்தி வைப்பது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இந்தத் தாளை வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லா 30,000 வண்டிகளும் 15 மணிக்குப் பதிலாக 6 மணிக்குள் கிளம்பிவிட்டன என்று மாற்றுங்கள். முடியும் நேரம் 25-க்குக் கீழே இறங்காது. ஆனால் 6-ஆம் மணியில் வரிசை 22,800-ஐ எட்டும். மக்கள் வீட்டில் காத்திருக்க வேண்டிய நேரத்தைச் சாலையில் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். இங்கே எல்லாரையும் அவசரப்படுத்துவதால் ஒரு பயனும் இல்லை. தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரான ஊர்களும் உண்டு. மக்கள் சிதறி வாழும், நல்ல சாலைகள் பல திசைகளில் போகும் கிராமப்புற அணுமின் நிலையச் சுற்றுவட்டாரத்தை எடுத்துக்கொண்டால், வரிசையே கட்டாது. கடைசிக் குடும்பம் எப்போது கிளம்பியதோ, அதோடு பயண நேரத்தைக் கூட்டினால் அதுதான் விடை. அங்கே சாலையை அகலப்படுத்துவது வீண்செலவு. அபாயச் சங்கும் கைப்பேசி எச்சரிக்கையும்தான் நேரத்தைக் குறைக்கும். எனவே எந்த ஊருக்குக் கணக்கெடுத்தாலும் முதலில் தீர்க்க வேண்டியது: இது சாலை ஆளும் ஊரா, புறப்பாடு ஆளும் ஊரா? இதைப் பிரித்தறியாமல் போடும் எந்த ஆலோசனையும் பாதிப் பேருக்குத் தவறான ஆலோசனை. அணு ஒழுங்குமுறை ஆணையம் 90 சதவீதம் பேர் வெளியேறும் நேரம், 100 சதவீதம் பேர் வெளியேறும் நேரம் என்று இரண்டையும் தனித்தனியே கேட்பதற்கும் காரணம் இதுவே. கடைசி 10 சதவீதம் புறப்பாட்டு வளைவின் வால். அதற்காகக் காத்திருந்தால் முடிவெடுக்கும் அதிகாரிக்கு எல்லாமே இயலாததாகத் தோன்றும்.

வரிசைக்கும் நீளம் உண்டு

எக்செல் தாளில் 14,200 வண்டிகள் ஒரு புள்ளியில் நிற்கின்றன. நிஜத்தில் அவை சாலையில் படுத்திருக்கும். வரிசையில் ஊர்ந்து செல்லும் வண்டிகளின் அடர்த்தி முன்பு பார்த்த 58 என்றால், 14,200-ஐ அதனால் வகுக்க ஏறத்தாழ 245 கிலோமீட்டர் வருகிறது. சாலையின் மொத்த நீளமே 180. அதாவது வரிசை கீ வெஸ்ட் வரை நீண்டு, அதற்கும் இடம் போதாமல் பக்கத் தெருக்களிலும் வீட்டு வாசல்களிலும் முடியும்.

இதன் விளைவு சமமாக விழாது. குறுகலுக்கு அருகே இருக்கும் கீ லார்கோக்காரர் தன் தெருவிலிருந்து வரிசையின் முன்பகுதியில் நுழைந்துவிடுவார். 150 கிலோமீட்டர் பின்னால் இருப்பவர், முன்னால் நுழைகிற ஒவ்வொருவருக்காகவும் காத்திருக்க வேண்டும். ஆனால் கடல் நீர் முதலில் ஏறக்கூடியது பின்னால் இருப்பவரின் தீவில். மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் இந்த அநியாயம் கண்ணில் படாது. எந்தத் தீவுக்காரர் எத்தனை மணிக்குக் கடந்தார் என்பதைத் தனியாக எடுக்க, சாலையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டில் இடம் இருந்தால் மட்டுமே வண்டியை விடும்படி கணக்கெழுத வேண்டும். கார்லோஸ் டகான்சோ 1994-இல் வெளியிட்ட கலக் கடத்தல் மாதிரி இதைத்தான் செய்கிறது. லைட்ஹில், விட்ஹம் என்ற இருவர் 1955-இல் எழுதிய, நெரிசலை அலையாகக் காணும் கோட்பாட்டின் கணினிக்கு உகந்த வடிவம் அது.

ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க விரும்பினால், ஜெர்மன் விண்வெளி மையத்தின் சுமோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை நேரடியாக ஏற்றிக்கொள்ளும். ஆட்களின் நாள்பூராப் பயணத்தைக் கணக்கிட மேட்சிம் உண்டு. ஆனால் எக்செல் தாளை முடிக்காமல் இவற்றுக்குள் போகக் கூடாது. திரையில் கார்கள் நகர்வது எவரையும் நம்பவைக்கும். விடை 25 மணி வர வேண்டிய இடத்தில் 9 வந்தால் எங்கோ தவறு என்று உடனே உணர, கையால் போட்ட கணக்கு அருகில் இருக்க வேண்டும்.

மென்பொருளில் அடிக்கடி நேரும் தவறுகளைச் சொல்லிவிடலாம். வரைபடத்தில் ஒரு பாலம் தவறுதலாக இரண்டு தடமாகப் பதிவாகியிருக்கும், கொள்திறன் இரட்டிப்பாகிவிடும். ஓட்டுநர் எல்லாரும் நெரிசலை முன்னறிந்து மிகச் சிறந்த வழியைத் தேர்வார்கள் என்ற வழக்கமான அனுமானம் அப்படியே விடப்பட்டிருக்கும். நிஜத்தில் மக்கள் பழகிய பெருஞ்சாலையைத்தான் பிடிப்பார்கள், பக்கச் சாலை காலியாகக் கிடக்கும். வெளியேற்றத்தோடு தொடர்பில்லாத அன்றாட வண்டிகள் சேர்க்கப்பட்டிருக்காது. எல்லையைத் தாண்டிய வண்டி மறைந்துவிடும். எல்லைக்கு வெளியே உள்ள நகரின் நெரிசல் உள்ளே திரும்பி வருவது தெரியாது. கீஸில் இந்தக் கடைசித் தவறு பெரியது, ஏனென்றால் ஃப்ளோரிடா சிட்டியைத் தாண்டினால் மயாமியும் அதே நேரத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும்.

ஆணையை எப்போது கொடுப்பது?

கணக்கு எல்லாம் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான். காலியாக்கும் நேரத்தைப் புயல் கரை கடக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணக் கூடாது. மணிக்கு 63 கிமீ காற்று வீசத் தொடங்கும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அதற்கு மேல் நீண்ட பாலங்களில் வண்டிகளை விடுவது ஆபத்து. பெரும் புயலில் அந்தக் காற்று, புயலின் மையமான கண் கரைக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிடும்.

இந்தத் தீவுகள் இதை 1935-இலேயே பெரும் விலை கொடுத்துப் பார்த்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று புயல் வந்தபோது, சாலைப்பணி முகாம்களில் இருந்த முதல் உலகப்போர் வீரர்களை மீட்க மயாமியிலிருந்து ரயில் அனுப்பப்பட்டது. அது மிகத் தாமதமாகக் கிளம்பி, இஸ்லாமொராடாவை அடைந்த வேளையில் கடல் பெருகி வந்து பெட்டிகளைத் தடத்திலிருந்து புரட்டிப்போட்டது. அந்தப் புயலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிதைந்த ரயில் பாதையின் பாலங்கள் மேல்தான் 1938-இல் இன்றைய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது.

இப்போதைய கவுண்டித் திட்டம் ஆணையைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. காற்று வருவதற்கு 48 மணி நேரம் முன்பு சுற்றுலாப் பயணிகளும் முகாம் வண்டிகளும். 36 மணி முன்பு சக்கர வீடுகளில் வாழ்வோர், மருத்துவமனை நோயாளிகள், உதவி தேவைப்படுவோர். சுமார் 30 மணி முன்பு நிரந்தரக் குடியிருப்போர், மண்டலம் மண்டலமாக. நம் கற்பனைக் கணக்கில் பயணிகளின் வண்டிகள் 8,000 என்று சேர்த்துப் பாருங்கள். எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினால் 38,000 ÷ 1,200, ஏறக்குறைய 32 மணி. பயணிகளை 18 மணி நேரம் முன்பே அனுப்பிவிட்டால் அவர்கள் வண்டிகள் குறுகலைக் கடக்க 7 மணி நேரம்கூட வேண்டாம். தங்கித் தாமதித்துக் கிளம்புபவர்களுக்கும் இடம்விட்டு, குடியிருப்போர் கிளம்பும்போது சாலை காலியாக இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் கொள்திறன் இது.

ஆனால் முந்திக் கொடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. 48 மணி நேரம் முன்பு புயலின் பாதை கணிப்பில் சராசரியாகச் சுமார் 100 கிமீ பிழை இருக்கும். பல முறை மக்களைக் கிளப்பி, புயல் வேறு பக்கம் போய்விடும். அது அடுத்த முறை அந்த 80 சதவீதத்தைக் குறைக்கும். இந்த இழுபறியைக் கணினி தீர்த்துவைக்காது. ஒரு மனிதர் பொறுப்பேற்றுத் தீர்க்க வேண்டும். மாதிரி அவருக்குச் சொல்ல வேண்டியது, இந்த மணிக்கு மேல் காத்திருந்தால் இத்தனை வண்டிகள் பாலத்தில் மாட்டும் என்ற எண்ணை.

குடிமைப் பாதுகாப்பின் வரலாற்றிலும் நேரம்தான் தீர்ப்பெழுதியது. 1950-களில் சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வர மணிக்கணக்கில் ஆகும் என்ற நிலையில், அமெரிக்க நகரங்கள் சாலைவழி வெளியேற்றத்தை ஒத்திகை பார்த்தன. போர்ட்லாந்து நகர மையம் 1955 செப்டம்பரில் ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்யப்பட்டது. ஏவுகணைகள் வந்து எச்சரிக்கை நேரம் நிமிடங்களாகச் சுருங்கியதும் திடீர்த் தாக்குதலுக்கு அந்தத் திட்டம் பொருளிழந்தது. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோதும் இதே நிலை. மண்டலம் மண்டலமாக வெளியேற்றும் திட்டம் இருந்தது. தீ எல்லா மண்டலங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாக வந்துவிட்டது. 85 பேர் இறந்தனர். சாலையில் சிக்கியவர்கள் பலர் திறந்த வாகன நிறுத்தத் திடல்களில் ஒதுங்கிப் பிழைத்தார்கள். கிடைக்கும் நேரம் காலியாக்கும் நேரத்தைவிடக் குறைவு என்று கணக்கு காட்டினால், அடுத்துத் தேட வேண்டியது உள்ளூரிலேயே தஞ்சமிடம்.

எதிர்த்தடத்தைத் திறந்தால் போதாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. உள்ளே வரும் தடங்களையும் வெளியே போகத் திருப்பிவிடுவதை எதிர்த்தட ஓட்டம் என்கிறார்கள். கத்ரீனாவுக்கு முன் லூசியானா இதை ஏறத்தாழ 25 மணி நேரம் நடத்தி நியூ ஆர்லியன்ஸ் பகுதியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு ஐவன் புயலில் முதன்முறை செய்தபோது அதே மாநிலம் திணறியது. வண்டிகள் எதிர்த்தடத்தில் ஏறும் வாயும், முடிவில் திரும்ப இணையும் இடமும்தான் உண்மைக் குறுகல்கள் என்பது அப்போது தெளிவாகி, ஏறும் இடங்கள் மாற்றியமைக்கப்பட்டன. நடுவில் தடங்கள் எத்தனை இருந்தாலும் இரு முனைகள் விடுவதுதான் ஓட்டம்.

இருவழிச் சாலையான யுஎஸ்-1-இல் அது இன்னும் கடினம். உள்ளே வரும் தடம் வழியாகத்தான் ஆம்புலன்ஸ், இழுவை வண்டி, பெட்ரோல் லாரி, காலிப் பேருந்து எல்லாம் வர வேண்டும். 12 மணி நேரம் வரிசையில் குளிர்சாதனம் போட்டு நிற்கும் கார் மணிக்கு ஒரு லிட்டர் அளவில் குடிக்கும். பெட்ரோல் உள்ளே வராவிட்டால் அவை ஒவ்வொன்றாகச் சாலையிலேயே நின்று தடத்தை மறிக்கும். 2017-இல் இர்மா புயலின்போது ஃப்ளோரிடா தன் விரைவுச்சாலைகளில் எதிர்த்தடத்தைத் தவிர்த்து, சாலையோரத் தளத்தை ஒரு கூடுதல் தடமாகத் திறந்துவிட்டது. பலன் குறைவு, ஆனால் காவலர்கள் குறைவாகப் போதும், உள்வரும் வழி திறந்தே இருக்கும்.

கீஸுக்கே உரிய இன்னொரு சிக்கல்: ஸ்னேக் க்ரீக்கில் யுஎஸ்-1 ஒரு தூக்குப் பாலத்தைக் கடக்கிறது. புயலுக்கு முன் படகுக்காரர்கள் பாதுகாப்பான ஒதுக்கிடம் தேடி அதைத் தூக்கச் சொல்வார்கள். ஒரு தடவை தூக்கி இறக்க 10 நிமிடம் என்றால் 200 கார்கள் போச்சு. ஆகவே பாலத்தை எந்த மணியிலிருந்து பூட்டுவது என்பதும் திட்டத்தில் ஒரு வரி, அதைப் படகுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்வது அடுத்த வரி.

கார் இல்லாதவர்களின் கணக்கு தனி. 3,000 பேர், பேருந்துக்கு 40 பேர் என்றால் 75 நடைகள். 25 பேருந்துகள் மூன்று முறை போய்வரும் என்று எழுதிவிடுவது எளிது. கீஸ் மக்களுக்கான பெரிய தங்குமிடம் மயாமியில், ஃப்ளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில். வரிசையில் சிக்கிய பேருந்து திரும்பி வர எத்தனை மணி ஆகும் என்று தாளில் போட்டுப் பார்த்தால் இரண்டாவது நடையே சந்தேகம் என்று தெரியும். எனவே பேருந்துகள் முதல் கட்டத்திலேயே, வரிசை கட்டுவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும்.

நம் கடற்கரைக்கு இதை எடுத்து வரும்போது

இந்த எண்களை அப்படியே இங்கே போட முடியாது. நம் சாலையில் இருசக்கர வண்டியும் ஆட்டோவும் பேருந்தும் மாட்டுவண்டியும் தடம் பாராமல் கலந்து போகின்றன. இந்தியச் சாலைப் பேரவையின் 1990 வழிகாட்டி ஊர்ப்புறச் சாலைகளுக்கு இருசக்கர வண்டியை 0.5 கார், ஆட்டோவை 1, பேருந்து அல்லது லாரியை 3, மாட்டுவண்டியை 8 கார் என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது: 50 பேரை ஏற்றிய பேருந்து 3 கார் இடத்தை எடுத்துக்கொள்கிறது, அதே 50 பேர் இருவர் இருவராக பைக்கில் போனால் 12.5 கார் இடம்.

அதைவிடப் பெரிய வேறுபாடு தூரம். ஒடிசாவில் 2019-இல் ஃபானி புயலுக்கு முன் ஏறத்தாழ 12 லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள். பெரும்பாலோர் போனது நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அல்ல, அருகிலிருந்த புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும். அங்கே குறுகல் சாலையில் இல்லை. மையத்தின் இடவசதியிலும், வீட்டையும் கால்நடையையும் விட்டு வர மனமில்லாத குடும்பத்தின் புறப்பாட்டு நேரத்திலும் இருக்கிறது. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களைச் சுற்றிய 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்டப் பகுதிக்கோ, மேலே போட்ட சாலைக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். அங்கே தொடங்க விரும்புபவர் முதலில் ஒரு வரைபடத்தில் 16 கிமீ வட்டம் போட்டு, அதன் விளிம்பை வெட்டி வெளியே போகும் ஒவ்வொரு சாலையையும் குறித்து, ஒவ்வொன்றிலும் மிகக் குறுகிய பாலத்தையோ கடைத்தெருவையோ நேரில் போய்ப் பார்த்து, காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அங்கே கடக்கும் வண்டிகளை வகைவகையாக எண்ண வேண்டும்.